கக்கூசைச் சுற்றிக் கட்டிய பெனர்

குளக்கட்டு உடைந்து வெள்ளம் வந்த கதையை யார் கேட்டாலும் நான் தண்ணீரில் தொடங்குவதில்லை, கக்கூசில்தான் தொடங்குவேன். கேட்பவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். தண்ணீர் எங்களுக்குச் செய்ததை அல்லாஹ்விடம் விட்டுவிட்டோம். மனிதர் செய்ததை யாரிடம் விடுவது?

கிண்ணியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைத் தங்க வைத்திருந்தார்கள். என் தங்கையின் புருஷன் மாடுகளை அவிழ்த்துவிடப் போனவர், வெள்ளத்தோடு போய்விட்டார். தண்ணீர் வடிந்த பிறகுதான் மையித்து கிடைத்தது. அன்றிலிருந்து தங்கை இத்தாவில் இருந்தாள். எங்கள் ஊரில் புருஷனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்களின் கண்ணில் படாமல் இருப்பாள். வீடு இருந்தால் ஓர் அறை போதும். வீடே போன இவள் வகுப்பறை மூலையில், நாங்கள் கட்டிக் கொடுத்த இரண்டு சேலைகளுக்குப் பின்னால், கைக்குழந்தையோடு இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் வெளிநாட்டு நிபுணர்கள் வந்து இறங்கினார்கள். விமானம் சீனன்குடாவுக்கு, படுக்கை நிலாவெளி ஹோட்டலில், கூட்டம் ஓர்ஸ் ஹில்லில். எங்களிடம் வாகனத்தில் வந்து போவார்கள். பொய் சொல்லக் கூடாது, வேலை சுறுக்காக நடந்தது. வரிசையாகப் பிளாஸ்டிக் கக்கூசுகள் வந்து நின்றன. நல்ல சாமான்தான். ஆனால் வைத்த இடம்! பள்ளிக்கூட வாசலில், கதவெல்லாம் ரோட்டைப் பார்த்தபடி. அதற்கு எதிரேதான் ஆண்கள் அரிசிக்கு வரிசையில் நிற்பார்கள். எவள் உள்ளே போகிறாள், எவ்வளவு நேரம் இருக்கிறாள் என்று ஊரே பார்க்கும்.

அவர்களுடைய திட்டத்தின் இணைப்பாளர் டவுன் பிள்ளை, இங்கிலீஷ் தண்ணீராய் ஓடும். பின்பக்கம் மாற்றுங்கள், ஏலாவிட்டால் சுற்றி நாலு தகரமாவது அடியுங்கள் என்று அவரிடம் சொன்னேன். அவர் பொறியியலாளரிடம் சொன்னார். அந்தப் பொறியியலாளர் ஒரு வெள்ளைக்காரப் பெண், சிரித்த முகம். பொறுமையாக எனக்கு விளங்கப்படுத்தினார். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள இடம்தான் பெண்களுக்குப் பாதுகாப்பாம், உலகம் முழுக்க அப்படித்தானாம். கழிவை உறிஞ்சும் பவுசர் வண்டி பின்பக்கம் வர ஏலாதாம். தகரம் திட்டத்தில் இல்லையாம், அடுத்த கூட்டத்தில் கதைப்பார்களாம். பெண்களின் பாதுகாப்பைப் பற்றி அவ்வளவு பேசியவர், நீங்கள் எப்போது போகிறீர்கள், எப்படிப் போகிறீர்கள் என்று எங்களில் ஒருத்தியிடமும் கேட்கவில்லை.

தங்கை தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். சுபஹுத் தொழுகைக்கு முன்னால் இருட்டோடு ஒரு தரம் போய் வருவாள். பிறகு பகல் முழுக்க அடக்கிக்கொள்வாள். உதடு வெடித்தது. அடிவயிறு எரிகிறது என்றாள். பால் வற்றி, பிள்ளை வெறும் மார்பைச் சப்பிச் சப்பி வீறிட்டது. மருத்துவிச்சி வந்து, தண்ணீர் குடிக்காவிட்டால் தாயும் போகும் பிள்ளையும் போகும் என்று ஏசிவிட்டுப் போனார். மறுநாள் அதே திட்டக்காரர்கள் பால்மாப் பெட்டியோடு வந்தார்கள். பிள்ளைக்குப் பால்மா கொடுக்க இருக்கிறது, தாய்க்கு ஒரு மறைப்புக் கொடுக்க இல்லை! எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

முகாமில் எல்லாவற்றையும் விடப் பெரிய துணி எது தெரியுமா? அவர்களுடைய பெனர். இது இன்ன நாட்டு மக்களின் அன்பளிப்பு என்று மூன்று மொழியில் எழுதி, வாசல் மதில் நீளத்துக்குக் கட்டியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை ஆண்கள் ஜும்ஆவுக்குப் போன நேரம், நானும் இன்னும் சில பெண்களும் குசினிக் கத்தியால் கயிற்றை அறுத்து அதை இறக்கினோம். கம்பு நட்டு, கடைசிக் கக்கூசைச் சுற்றி, எங்கள் வகுப்பறைக் கதவு வரை ஒழுங்கை மாதிரி இழுத்துக் கட்டினோம். அன்பளிப்பு அன்றைக்குத்தான் எங்களுக்கு அன்பளிப்பாக இருந்தது. தங்கை முதன்முதலாகப் பகலில் போய் வந்தாள். ஆனாலும் தண்ணீரை ஒரு மிடறுக்கு மேல் குடிக்க மாட்டேன் என்றாள்.

"இதையும் கழட்டிக்கொண்டு போவாங்க ராத்தா. பழகிட்டனெண்டா பிறகு என்ன செய்வன்?"

அவள் வாய் முகூர்த்தம் பலித்தது. அவர்களுடைய நாட்டிலிருந்து ஒரு பெரிய ஆள் பார்வையிட வருகிறாராம். இணைப்பாளர் இரண்டு வேலையாட்களோடு ஓடி வந்தார். பெனர் மதிலில் இல்லாவிட்டால் தன்னுடைய வேலை போய்விடும் என்றார்.

"ஒரு மணித்தியாலம்தான் அக்கா. படம் எடுத்து முடிய நானே திருப்பிக் கட்டித் தாறன்."

தங்கை உள்ளே இருக்கிறாள் என்றேன். அப்படியென்றால் வெளியே வரச் சொல்லுங்கள் என்றார். இத்தாவில் இருப்பவளை, வரிசையில் நிற்கும் அத்தனை ஆண்களுக்கும் முன்னால்! நீங்களே கதவைத் தட்டிச் சொல்லுங்கள் தம்பி என்றேன். அவர் ரோட்டை எட்டிப் பார்த்தார். பாவம், ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். அதற்குள் வேலையாள் ஒருவன் கயிற்றில் கை வைத்துவிட்டான்.

அப்போதுதான் உள்ளேயிருந்து குரல் வந்தது. புருஷனின் மையித்தைக் கொண்டுவந்தபோதுகூடச் சத்தம் வைத்து அழாதவள், அந்நிய ஆண்கள் கேட்கப் பேசினாள்.

"ராத்தா, எனக்கு இப்ப வர ஏலாது எண்டு சொல்லுங்க. அவங்க போகும் வரைக்கும் வர ஏலாது."

வேலையாள் கையை எடுத்தான். பெண்கள் ஒவ்வொருவராக வந்து பெனரைச் சுற்றி நின்றார்கள். வாகனங்கள் வந்தன. பெரிய மனிதர் மதிலைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார். பொறியியலாளர் எதையோ பெருமையாகச் சொன்னார். பெண்களே முன்வந்து செய்த வேலை என்றாராம், இணைப்பாளர் பிறகு எனக்குச் சொன்னார். பெரிய மனிதருக்கு ஒரே சந்தோஷம். பெனருக்கு முன்னால் வந்து நின்று, சிரித்து, படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தை இணைப்பாளர் போனில் எனக்குக் காட்டினார். நானும் ஓரத்தில் நிற்கிறேன், மூஞ்சி கரிச்சட்டி மாதிரி. துணிக்குப் பின்னால், மத்தியான வெயிலில், பிளாஸ்டிக் பெட்டிக்குள் புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி அவிந்துகொண்டிருந்தாள். அது எந்தப் படத்திலும் விழவில்லை.

வாகனங்கள் போன பிறகு கதவு திறந்தது. தங்கையின் வெள்ளை உடுப்பு வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. அழப் போகிறாள் என்று நினைத்தேன். பெனர் கட்டியிருந்த முடிச்சை ஒரு தரம் இழுத்துப் பார்த்தாள். பிறகு வகுப்பறைக்குள் வந்து உட்கார்ந்து, தண்ணீர் கேட்டாள். செம்பு நிறையக் கொடுத்தேன். மடமடவென்று குடித்து முடித்து, செம்பைத் திரும்ப நீட்டினாள்.

"இன்னும் ஊத்துங்க ராத்தா."