மோட்டாரை உள்ளே விட்டவர் எழுந்து நிற்கவும்

கேரள எல்லையில் எருத்தேன்பதிப் பக்கம் ஆழ்துளைப் போர்க்குழியில் மோட்டார் இறக்குவதும் தூக்குவதும் என் வேலை. கூட்டாள் என் மனைவி. நான் குழாயைப் பார்ப்பேன், அவள் செயின் இழுப்பாள். மோட்டார் தூக்கும் இரும்பு முக்காலியும் பெட்டி ஆட்டோவும் சொந்தம். முதலாளி கிடையாது.

எங்கள் தொழிலுக்கு ஒரு சங்கம் உண்டு. பல வருடம் நான் சேரவில்லை. திமிர் என்றார்கள் சிலர். சந்தா கட்ட மனசில்லை என்றார்கள் சிலர். இரண்டும் இல்லை. கூட்டம்தான் காரணம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். அந்த மாதம் குழிக்குள் மோட்டாரைத் தவறவிட்டவர் எழுந்து நின்று, எப்படி விழுந்தது என்று முழுசாகச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். வாசகசாலை மாடியில் கூட்டம் நடக்கும். கீழே டீக்கடையில் உட்கார்ந்தால் சிரிப்புச் சத்தம் கேட்கும். எனக்குப் பேச்சு வராது. கல்யாணத்தில் சாப்பிட்டாச்சா என்று கேட்டால்கூடத் தலைதான் ஆடும்.

மனைவி விடமாட்டாள்.

"ஒரு அடி கிடி பட்டுதுன்னா சங்கத்துக்காரருக்கு நாலு பேரு வருவாங்க. உங்களுக்கு ஆரு வருவா?"

"நீ."

"நான் வருவேன். தூக்கத்தான் முடியாது."

இப்படியே போனது.

கோடையில் ஒரு அக்கா வீட்டில் வேலை. பன்னிரண்டு மாடு. அந்த ஒரு போரில்தான் தண்ணீர். பஞ்சாயத்து லாரி வரும், அது மனிதர்களுக்கு. ரிப்பேருக்காக மோட்டாரைத் தூக்கிக்கொண்டிருந்தோம். பாதி தூரம் வந்திருக்கும். குழாயைக் கவ்வியிருந்த கிளாம்ப் நழுவியது. குழாயும் மோட்டாரும் உள்ளே போய்விட்டன. ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

மனைவி என்னைப் பார்த்தாள். நான் குழியைப் பார்த்தேன். அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"உள்ள போயிருச்சுங்க."

"எடுத்தர்லாமுங்களா?"

"பாக்கலாமுங்க."

"பாக்கறதுக்கு அதென்ன சினிமாவா? பன்னண்டு வாயி நிக்குதுங்க."

என்னிடம் இருந்த கொக்கியை விட்டுத் துழாவினேன். மத்தியானம் வரை துழாவினேன். ஒன்றும் சிக்கவில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் அன்றைக்கு மட்டும் ஒரு தொட்டி தண்ணீர் விட்டார். நாளைக்கு முடியாது, என் தென்னையே காய்கிறது என்று சொல்லிவிட்டார்.

குழிக்குள் இறக்கும் கேமராவும் நல்ல கொக்கியும் சங்கத்தில் இருந்தன. எனக்கும் தெரியும். மனைவி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். எங்கே போக வேண்டும் என்று அவள் சொல்லவில்லை.

சங்கச் செயலாளர் கருகிய மோட்டாருக்குக் கம்பிச் சுருள் கட்டும் கடை வைத்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

"வாங்கண்ணா. எத்தனை அடியில கெடக்குது?"

"அறுநூறு இருக்கும்."

"சாமானெல்லாம் மெம்பருக்குத்தானுங்ணா."

"சேந்துக்கறேன்."

"இன்னைக்கு அஞ்சு மணிக்கே கூட்டம். நின்னு சொல்லோணும். சொல்லிட்டா காத்தால சாமானும் வரும், ஆளும் வரும்."

"எழுதிக் குடுத்தா ஆகாதா?"

"ஆகாதுங்ணா. எழுத்துல ஆரு சிரிக்கறது?"

சங்கத்தில் சேரும் ஃபாரம் மலையாளத்தில் இருந்தது. தமிழே நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். அவரே நிரப்பினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

மாடியில் முப்பது பேர் இருந்தார்கள். எல்லாரும் தெரிந்த முகம். என் முறை வந்தது. எழுந்தேன்.

"கிளாம்ப் நழுவிருச்சு. மோட்டார் விழுந்துருச்சு."

உட்கார்ந்தேன்.

"என்னங்ணா, தந்தி அடிக்கறீங்களா?" என்றது ஒரு குரல். சிரிப்பு. மறுபடி எழுந்தேன்.

"கிளாம்ப் எப்படி நழுவும்?" என்றார் செயலாளர்.

"பல்லு தேஞ்சிருந்துச்சு."

"தேஞ்சது முன்னாலயே தெரியுமா?"

இதற்குத்தான் நான் பயந்தேன். வாசலில் மனைவி நின்றிருந்தாள். பொய் சொன்னால் அங்கேயே திருத்துவாள்.

"தெரியும். ஊட்டுல சொன்னா, மாத்துங்கன்னு. மாத்தல."

"எத்தனை தடவ சொன்னாங்க?"

நான் யோசித்தேன்.

"ஆறு தடவ" என்றாள் வாசலிலிருந்து.

அப்புறம் வந்த சிரிப்பில் டீக்கடைக்காரர் மேலே ஏறி வந்து எட்டிப் பார்த்தார். சங்கத் தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. தன் கிளாம்பைக் காலையில் பார்க்க வேண்டும் என்று பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் காதெல்லாம் சூடாக இருந்தது. ஆனால் சாகவில்லை. மெம்பர் கார்டு கொடுத்தார்கள்.

காலையில் செயலாளரோடு சேர்த்து ஐந்து பேர் வந்தார்கள். கேமராவை இறக்கினோம். போனில் படம் தெரிந்தது. குழாய் உடைந்து சாய்ந்து கிடந்தது. நான் எத்தனையோ மோட்டார் இறக்கியிருக்கிறேன். குழியின் அடியைப் பார்த்தது அன்றுதான். கொக்கியை யார் விடுவது என்று ஐந்து பேரும் சண்டை போட்டார்கள். நான் வாங்கி விட்டேன். மூன்று முறை வழுக்கியது. நாலாவது முறை கயிற்றில் கனம் தெரிந்தது.

"புடிச்சுது" என்றேன்.

ஏழு பேரும் மாறி மாறிச் செயின் இழுத்தோம். வெயில் ஏறும்போது மோட்டார் மேலே வந்தது. நசுங்கவில்லை. செயலாளர் அங்கேயே பழுது பார்த்தார். குழாய் மாற்றி, புதுக் கிளாம்ப் போட்டு இறக்கினோம். தண்ணீர் முதலில் கலங்கலாக வந்தது. மாடுகள் தெளியும்வரை காத்திருக்கவில்லை.

அக்கா தொட்டி ஓரம் நின்று பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார்.

"ஏனுங்க, இவரு நேத்து எந்திரிச்சு நின்னு பேசுனாராமா?"

"பேசுனாருங்க" என்றார் செயலாளர். "ஒரு மூணு வரி."

"மோட்டார் என்னுது. மாடு என்னுது. ராத்திரியெல்லாம் தூங்காதது நானு. இவரு மூணு வரி பேசுனா எப்படிப் பத்தும்? எனக்கொரு கார்டு போடுங்க."

"அதுக்குச் சட்டத்துல எடமில்லைங்கக்கா."

"அப்ப எடம் பண்ணுங்க."

கார்டு போடவில்லை. ஆனால் அடுத்த கூட்டத்துக்கு அக்கா வந்துவிட்டார். முன்வரிசையில் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார். மோட்டார் தூக்க வருகிறவன் காலையில் வருகிறேன் என்று சொல்லி மத்தியானம் வருவது, கழற்றிய திருகாணியைத் தீவனத்தில் போடுவது என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. குறுக்கே கேள்வியும் கேட்கவில்லை. செயலாளர் இரண்டு தடவை மணி பார்த்தார்.

இப்போது தனியாளாக வேலை செய்கிறவர்கள் சிலர் சங்கத்தில் சேரலாமா என்று என்னிடம் கேட்கிறார்கள். சேரலாம் என்கிறேன். ஏன் என்று கேட்டால், மூன்று வரிக்கு மேல் எனக்கு வராது, அக்கா வீட்டுக்கு வழி சொல்லி அனுப்புகிறேன்.