மஞ்சுவைத் திகனையில் விட்டுவந்த நாள்

மஞ்சு என் அக்காவின் பூனை. நாங்கள் அக்காவை ராத்தா என்போம். வீட்டுக்குப் பின்னாலிருந்த சாக்கடைக் கானுக்குள் கண் திறக்காத குட்டியாகக் கிடந்ததை எடுத்துவந்து, மருந்து சிரிஞ்சால் பாலூட்டி வளர்த்தவள் அவள்தான். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு.

தென்னெக்கும்புரவில் பஸ் ஓடும் தெருவை ஒட்டிய ஒரு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். வாப்பா கத்தாரில் வேலை செய்தார். எனக்கு ஆஸ்துமா. மஞ்சு வந்த பிறகு அது கூடிவிட்டது. பூனையைத் தொடக்கூடாது என்று உம்மா சட்டம் போட்டார். பாடசாலை விட்டு வந்ததும் நான் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, மஞ்சுவின் வயிற்றில் முகத்தைப் புதைப்பேன். பிறகு இன்ஹேலரை அடித்துக்கொண்டு ஒன்றும் செய்யாதவள்போல வெளியே வருவேன். உம்மா என் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பார்.

"தொட்டியா?"

"இல்ல உம்மா. தொடவே இல்ல."

அந்த மாதம் மட்டும் மூன்று முறை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். படுத்தால் எனக்கு மூச்சு அடைக்கும். அதனால் உம்மா இரவு முழுக்கக் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, என்னைத் தன் மேல் சாய்த்துக்கொள்வார். நான் நன்றாகத் தூங்கிவிடுவேன். மூன்றாம் முறை, வீட்டில் ஏதாவது பிராணி இருக்கிறதா என்று டாக்டர் கேட்டார். உம்மா மறைக்கவில்லை. அதை வேறு எங்காவது கொடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர்.

சனிக்கிழமை காலை உம்மா ஒரு பிஸ்கட் பெட்டியில் ஓட்டை போட்டார். "மாமிட ஊட்ல உட்டுட்டு வருவோம். அங்க தோட்டம் ஈக்கி, அதுக்கு நல்லம்" என்றார். ராத்தா தன் பழைய பாடசாலைச் சட்டையை மடித்து அடியில் விரித்தாள். அவள் அழவில்லை. குற்றம் செய்த நான்தான் தெருவுக்கே கேட்கும்படி அழுதேன்.

திகனைக்குப் போகும் பஸ்ஸில் பூனை சத்தமே போடவில்லை. என் நெஞ்சுதான் வழி முழுக்கக் கீச்சிட்டுக்கொண்டு வந்தது. மாமி வீட்டில் ராத்தா பெட்டியைத் திறந்துவிட்டு, "மீன்ல முள்ள எடுத்துட்டுக் குடுங்க மாமி" என்று மட்டும் சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் உம்மாவுக்கு ஜன்னலோர ஆசனம் கிடைத்தது. காலிப் பெட்டியை மடியில் வைத்தபடி, குண்டசாலை வருமுன்பே தூங்கிவிட்டார். தலை கண்ணாடியில் இடித்தது, அப்போதும் எழும்பவில்லை. எனக்குக் கோபம் பொங்கியது. எங்கள் பூனையைக் கொடுத்துவிட்டு இப்படித் தூங்க ஒருவரால் முடியுமா?

எங்கள் பஸ் தரிப்பிடம் நெருங்கியதும் ராத்தாவைச் சுரண்டினேன். "எறங்கணும். உம்மாவ எழுப்பு."

அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சும்மா இரி."

பஸ் நின்றது, ஆட்களை இறக்கியது, புறப்பட்டது. எங்கள் வீட்டு ஜன்னல்கூடத் தெரிந்தது. ராத்தா அதைப் பார்க்கவில்லை. உம்மாவின் தலைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் தன் உள்ளங்கையை வைத்திருந்தாள். கண்டி வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை.

கண்டியில் எல்லோரும் இறங்கிய சத்தத்தில் உம்மா திடுக்கிட்டு விழித்தார். "யா அல்லாஹ், டவுனுக்கே வந்துட்டமா? நீங்க ரெண்டு பேரும் என்னத்தப் பாத்துட்டு இருந்தீங்க?"

"மறந்துட்டேன் உம்மா" என்றாள் ராத்தா.

நான் விடவில்லை. "பொய் உம்மா! நான் எழுப்பச் சொன்னேன். ராத்தாதான் உடல்ல."

உம்மா அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ராத்தாவையே சற்று நேரம் பார்த்தார். பிறகு அவளுடைய கலைந்த முக்காட்டைத் தலைக்கு இழுத்துச் சரிசெய்துவிட்டு, எங்கள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு, திரும்பிப் போகும் பஸ்ஸைத் தேடி நடந்தார்.

உண்மையைச் சொன்ன என்னை ஏன் யாரும் பாராட்டவில்லை என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.