வெசாக் விடுமுறையில் ஓர் அலமாரி

துறைமுகக் கிடங்கில் நான் குமாஸ்தாவாக இருந்த காலம் அது. பேனாவைத் தவிர வேறு எதையும் பிடித்துப் பழகாத கை என்னுடையது. ஆனாலும் எனக்குள் ஒரு தச்சன் இருக்கிறான் என்று உறுதியாக நம்பினேன். அவனை என்னைத் தவிர வேறு யாரும் பார்த்ததில்லை.

அந்த நம்பிக்கை வந்ததற்குக் கிடங்கில் சும்மா கிடைத்த பலகைகள்தான் காரணம். இயந்திரங்கள் வரும் பெரிய பெட்டிகளை உடைத்து மூலையில் போட்டுவிடுவார்கள். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். நான் ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து, ஜாலான் புசார் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் அடுக்கினேன். தகரக்கூரை போட்ட சின்ன இடம் அது. ஒரு பக்கம் குளியலறை, மறுபக்கம் கரி அடுப்பு, நடுவில் என் பலகைகள். அதற்குப் ‘பட்டறை’ என்று பெயர் வைத்தேன். என் மனைவி பிலோமினா ‘அந்தக் குப்பை’ என்றாள்.

அவள் அதிகம் பேசாதவள். நாகப்பட்டினத்தில் என்னைக் கட்டிக்கொண்டு கப்பலேறி வந்தவள். வந்ததிலிருந்து அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதில்லை. சிரிப்பு வந்தால் உதட்டோடு நிறுத்திவிடுவாள். என்னுடைய வேடிக்கைப் பேச்சுகளுக்கு அதுவும் கிடையாது.

அவள் கேட்டது ஒரு சின்ன அலமாரி. எறும்புத் தொல்லை தாங்க முடியவில்லை. பால் டின்னைத் திறந்தால் பாலுக்கு முன்னால் எறும்பு விழுந்தது. கடையிலேயே வாங்கிவிடலாம் என்றாள். நான் சிரித்தேன். பட்டறை வைத்திருப்பவன் கடைக்குப் போவதா?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டாம் வருஷம், புத்தர் பிறந்தநாளான வெசாக் விடுமுறை. காலையிலேயே கூடையை எடுத்துக்கொண்டு பிலோமினா தேக்கா சந்தைக்குக் கிளம்பினாள். அப்படியே அக்காள் வீட்டுக்கும் போய்விட்டு வருவதாகச் சொன்னாள்.

“என்னங்க, சின்னதா இருந்தாப் போதும். கொழம்புச் சட்டியும் பால் டின்னும் வைக்கணும். அவ்ளோதான்.”

“நீ வர்றப்போ அலமாரி நிக்கும்” என்றேன்.

அந்த வார்த்தையை நான் காப்பாற்றினேன். அலமாரி நின்றதுதான். மற்ற எதைப் பற்றியும் அன்று நான் வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

முதல் பலகையைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்து அறுத்தேன். வழக்கமாக என் ரம்பம் போகிற போக்கில் கோடு ஒரு பக்கமும் வெட்டு ஒரு பக்கமுமாக இருக்கும். அன்று அதிசயமாக நேராகப் போனது. என்னை நானே பாராட்டிக்கொண்டு கொஞ்சம் உற்சாகமாகவே இழுத்தேன். பலகைத் துண்டு கீழே விழுந்தது. அதோடு மேசையின் ஒரு மூலையும் விழுந்தது.

விழுந்த மூலையை எடுத்துப் பொருத்திப் பார்த்தேன். அழகாகப் பொருந்தியது. கையை எடுத்ததும் மறுபடி விழுந்தது. அதை மேசைவிரிப்பால் மூடிவிட்டுக் கொல்லைப்புறம் போனேன். இனி ரம்பத்தைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். பலகைகளை இருக்கிற நீளத்திலேயே நிற்க வைத்து அடித்துவிட்டால் வெட்டுகிற வேலையே இல்லை. அப்படித்தான் குழம்புச் சட்டி வைக்கக் கேட்ட அலமாரி என் தோள் உயரத்துக்கு வளர்ந்தது.

அடுத்தது பசை. தச்சர்கள் வச்சிரம் என்று ஒன்று வைத்திருப்பார்கள். மாட்டுத்தோலைக் காய்ச்சிச் செய்த கட்டி, சுடுநீரில் உருக்கிப் பூசவேண்டும். மெதுவாக உருக்கவேண்டும் என்று கடைக்காரர் சொன்னது நினைவிருந்தது. எவ்வளவு மெதுவாக என்று கேட்காமல் விட்டேன். சட்டியைக் கரி அடுப்பில் ஏற்றிவிட்டுப் பிரஷ்ஷைத் தேடப் போனேன். பிரஷ் என் சட்டைப் பையிலேயே இருந்தது. அதைக் கண்டுபிடித்துத் திரும்பியபோது சட்டி பொங்கி, கரியில் வழிந்து, செத்த எருமையைச் சுட்டதுபோல ஒரு நாற்றம் கிளம்பியிருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. பக்கத்து வீட்டு நூர்தீன், லாரி ஓட்டுகிறவர்.

“லாசரஸண்ணே! ஒங்க வீட்டுல என்ன செத்துப்போச்சு?”

“ஒண்ணுமில்ல பாய், பசை காச்சுறேன்.”

“பசையா? இங்க எங்களுக்கு மயக்கமே வந்துடும் போல லா! நான் பிள்ளைங்களக் கூட்டிக்கிட்டு மாமியா வீட்டுக்குப் போறேன். நாத்தம் போனப்புறம் வர்றோம்.”

மாமியார் வீடே மேல் என்று ஒரு மனிதரை நினைக்க வைத்துவிட்டோமே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. சட்டியை இறக்கி ஓரமாக வைத்தேன். பிறகு ஒரு பலகையைத் தூக்கும்போது நானே அதைக் காலால் தட்டிவிட்டேன். பசை தரையில் பரவிப் பளபளவென்று கிடந்தது. பசை போனால் என்ன, ஆணி இருக்கிறது என்று எல்லாவற்றையும் ஆணியாலேயே அடித்தேன். இரண்டு ஆணிக்கு ஒன்று வளைந்தது. வளையாத ஆணிகளைப் பிடித்திருந்த விரலில் சுத்தியல் விழுந்தது.

மதியம் தாண்டி அலமாரி எழுந்து நின்றது. பின்பக்கம் பலகை, முன்னால் ஒற்றைக் கதவு, இரண்டு பக்கமும் கம்பிவலைக்கான சட்டம். கதவில் ஒரு தாழ் வைத்தேன். ஜாலான் புசார் இரும்புக்கடையில் ஆசைப்பட்டு வாங்கியது. கதவைச் சாத்தினால் தானாக விழுந்து மாட்டிக்கொள்ளும். அன்று நான் செய்ததில் ஒழுங்காக வேலை செய்தது அது ஒன்றுதான்.

வலையை உள்ளேயிருந்து அடித்தால்தான் வெளியே பார்க்க அழகாக இருக்கும் என்று தோன்றியது. கதவு சாத்திக்கொள்ளாமல் ஒரு குச்சியை முட்டுக்கொடுத்துவிட்டு உள்ளே போய்க் குந்தினேன். ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கமும் முடிந்து, கடைசி ஆணிக்குச் சுத்தியலை ஓங்கினேன். கைப்பிடி என் கையில் இருந்தது. இரும்புத் தலை மட்டும் கழன்று கதவு வழியாகப் பறந்து, போகிற போக்கில் குச்சியைத் தட்டிவிட்டுப் போனது. கதவு மெல்லச் சாத்தியது. தாழ் ‘டக்’கென்று விழுந்தது.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கதவைத் தள்ளிப் பார்த்த பிறகு நின்றுவிட்டது. காலையிலிருந்து என் பேச்சைக் கேட்காத ஆணிகளெல்லாம் இப்போது ஒற்றுமையாக நின்றன. வலையைத் தள்ளினேன். உள்ளிருந்து அடித்த வலை, தள்ளத் தள்ளச் சட்டத்தோடு இன்னும் இறுகியது. “நூர்தீன் பாய்!” என்று கத்தினேன். அவர் மாமியார் வீட்டில் இருந்தார்.

கால் மரத்துப்போனது. எறும்புக்காகச் செய்த அலமாரிக்குள் எறும்புகள் வந்து என் முழங்காலைப் பார்த்துவிட்டுப் போயின. அப்போது வாசலில் குரல் கேட்டது. நாற்றம் போகட்டும் என்று தெருக்கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.

“லாசரஸ்! வீட்டுல யாரும் இல்லையாப்பா?”

எங்கள் மாதாகோயில் ஞானப்பிரகாசம் சாமியார். அந்தக் குரலை அடையாளம் கண்டதும், முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் நான் அவரிடம் அளந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. ‘மர வேலை நமக்குக் கைவந்தது சாமி’ என்று சொல்லியிருந்தேன்.

“தோத்திரம் சாமி, கொல்லப்பக்கம் இருக்கேன்” என்றேன்.

வெள்ளை அங்கியோடு வந்து நின்றவர் அலமாரியைச் சுற்றிப் பார்த்தார். வலைக்குள் என் முகம் தெரிந்தது. அவர் முகம் மலர்ந்தது.

“அடடா! நான் கேக்க வந்ததையே செஞ்சு வச்சிருக்கியே! நம்ம பாவசங்கீர்த்தனத் தொட்டியக் கரையான் அரிச்சிருச்சுப்பா. புதுசு ஒண்ணு செஞ்சு குடுப்பியான்னு கேக்கத்தான் வந்தேன்.”

ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலைக்குப் பின்னால் மண்டியிட்டுப் பாவம் சொல்பவர்களைக் கேட்கும் பழக்க தோஷத்தில் காதைச் சாய்த்தார். எனக்கும் பழக்க தோஷத்தில் கைகள் கூம்பிக்கொண்டன.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை. உள்ளே உட்கார்ந்து வேலையைச் சரிபார்க்கிறவன் மாதிரி கைப்பிடியால் பலகையை இரண்டு தட்டுத் தட்டினேன்.

“உறுதியா இருக்கா?” என்றார்.

“ரொம்ப உறுதி சாமி.” அன்று நான் சொன்னதிலேயே அதுதான் கலப்படமில்லாத உண்மை.

“உள்ள காத்து வருதா? ஆளுங்க மண்டி போடணும் பாரு.”

“காத்து வருது சாமி. முழங்கால்தான் கொஞ்சம் வலிக்குது.”

“அது வலிக்கலாம், தப்பில்ல” என்று எழுந்தார். “சரிப்பா, வேலையக் கெடுக்கல. நான் வர்றேன்.”

அவர் திரும்பி நடக்கத் தொடங்கியதும் என் மானம் எங்கோ போய்விட்டது.

“சாமி! போயிடாதீங்க! மாட்டிக்கிட்டேன், சாமி! அந்தத் தாழக் கொஞ்சம் தூக்கி விடுங்க!”

அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். தாழைத் தூக்கினார். கதவு அசையவில்லை. அது சட்டத்தில் இறுகிப் பிடித்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்து, ஒரு காலை ஊன்றி, இழுத்தார். கீல்கள் கழன்றன. கதவு முழுசாக அவரோடு போனது. வச்சிரம் கொட்டிக் கிடந்த இடத்தில் சாமியார் கதவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கதவில்லாத அலமாரியிலிருந்து நாலு காலில் வெளியே வந்தேன்.

தலையை நிமிர்த்தினால் எதிரே பிலோமினா. கையில் சந்தைக் கூடை, அதில் ஒரு வாளை மீனின் வால் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் சாமியாரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“தோத்திரம் சாமி. காப்பி சாப்புடுறீங்களா?” என்றாள்.

“குடும்மா. ஆனா எந்திரிக்க முடியல. அங்கி ஒட்டிக்கிச்சு.”

அவள் வேகமாக உள்ளே போனாள். கூடை தரையில் விழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. முதலில் யார் சிரிப்பது என்றே எனக்குப் புரியவில்லை. அடக்கப் பார்த்து, முடியாமல், மறுபடி பீறிட்டு வந்தது. சாமியாரும் உட்கார்ந்தபடியே சிரித்தார். விரல் வீங்கி, முழங்கால் வலித்து, நான் மட்டும் சுத்தியல் பிடியோடு நின்றேன். அந்தச் சிரிப்பு நின்றுவிடக்கூடாதே என்று எனக்கு இருந்தது.

சுடுநீர் ஊற்றி அங்கியை விடுவித்தோம். சாமியார் கோயில் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தார். “ஒன் மேல நம்பிக்கை இல்லாம இல்லப்பா, சனங்க வெளிய வரணும் பாரு” என்றார். நூர்தீனின் மைத்துனர் ஊருக்கு வெளியே பொங்கோலில் கோழி வளர்த்தார். மறுவாரம் லாரி வந்து அலமாரியை அங்கே கொண்டுபோனது. கோழிகளுக்கு அது மிகவும் வசதியாக இருப்பதாகத் தகவல் வந்தது. பிலோமினா கடையிலிருந்து ஒரு சின்ன அலமாரி வாங்கி, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினாள். வெட்டுப்பட்ட மேசையை விரிப்பு விலகியபோது கண்டுபிடித்தாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

அடுத்த விடுமுறையில் நான் மறுபடி ஒரு பலகையை எடுத்துக் கொல்லைப்புறத்தில் வைத்தேன். அவள் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“இப்ப என்ன?”

“ஸ்டூல்.”

“நான் அதுல ஒக்கார மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்.”

சொல்லிவிட்டுப் போகவில்லை. நான் ரம்பத்தைக் கோட்டின்மேல் வைத்தபோது, குனிந்து பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.