அக்காவின் படத்துக்குக் கண்ணாடி போட்டது

வார்னிஷும் புளித்த பசையும் கலந்த வாடை, மூக்கில் ஏறினால் இலேசில் இறங்காது. ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு ராவுத்தர் வைத்திருந்த கடைக்குள் நுழைந்ததும் முதலில் அந்த வாடைதான் வந்து நிற்கும். அதற்குப் பிறகுதான் சுவரோரம் சாய்த்து வைத்த சாமி படங்களும், உள்ளே ஒன்றும் இல்லாமல் வெறுமனே தொங்குகிற மரச் சட்டங்களும் கண்ணில் படும். ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்த சமயம் அது, எனக்கு எட்டு வயதிருக்கும். மனிதர்களைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டும் வழக்கம் எங்கள் ராஜபாளையத்தில் அப்போதுதான் தலைகாட்டியிருந்தது. சட்டம் போடுவது என்றுகூட யாரும் சொல்ல மாட்டார்கள், "கண்ணாடி போடுறது" என்பார்கள். எங்கள் வீட்டுப் படத்துக்குக் கண்ணாடி போடத்தான் அப்பாவும் பெரியப்பாவும் வண்டி கட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார்கள், அழுது அடம்பிடித்து நானும் ஒட்டிக்கொண்டேன்.

அந்தப் படம் எடுத்ததைச் சொல்லிவிடுகிறேன். என் கோமதி அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம் ஆகி, சுந்தரபாண்டியத்துக்கு வாழப் போனவளை வழக்கப்படி ஆடிக்கு அழைத்து வந்திருந்தோம். அத்தானும் விருந்துக்கு வந்திருந்ததால் எல்லோருமாக ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆடிப்பூரத் தேர் பார்க்கக் கிளம்பினோம். அங்கே மதுரையிலிருந்து வந்த படக்காரர் ஒருவர் தோப்பில் கூடாரம் அடித்து உட்கார்ந்திருந்தார். பருத்தி வியாபாரத்தில் நாலு ஊர் பார்த்த அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. அப்பாவும் பெரியப்பாவும் நடுவில் நாற்காலியில் உட்கார, அம்மாவும் பெரியம்மாவும் அவர்களுக்குப் பின்னால் நிற்க, புதுத் தம்பதிகள் வெட்கப்பட்டுக்கொண்டு வலப்பக்கத்து ஓரத்துக்குப் போய்விட்டார்கள். பெரியப்பா காலடியை ஒட்டி ஒரு முக்காலியில் என்னை உட்கார வைத்தார்கள், நான் ஒரு நிலையில் இருக்கமாட்டேன் என்று தெரிந்த அக்கா கையை நீட்டி என் தோளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

படம் மதுரையிலிருந்து வந்து சேர்ந்தது தை மாதத்தில். அதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது. ஐப்பசி அடைமழையில் வாந்திபேதி வந்து, காலையில் வயலுக்குப் போன அத்தான் பொழுது சாய்வதற்குள் போய்விட்டார். பதினைந்து வயதில் வெள்ளைச் சேலையோடு அக்கா எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தாள். "பெட்டிக்குள்ள புடிச்சு வச்சான்ல, அன்னைக்கே அவிய உசுரு பாதி போயிருச்சு" என்று பெரியம்மா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்த படத்தை அம்மா அடுப்பங்கரையில் வைத்து ஒரே ஒரு தடவை அக்காவிடம் காட்டினாள். படத்தில் தலை நிறையப் பூவும் கை நிறைய வளையலுமாக அவள் அத்தானுக்குப் பக்கத்தில் நின்றாள். அக்கா அழவில்லை, வெகுநேரம் வைத்துப் பார்த்தாள்.

அவர்கள் சேர்ந்து இருந்ததே சில மாதம், அதிலும் பாதி நாள் கூச்சத்தில் போயிற்று. கட்டியவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கப் பழகுவதற்குள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் முகம் இந்த உலகத்தில் எங்கேயாவது இருந்ததென்றால் அது அந்தப் படத்தின் ஓரத்தில்தான். அதனால் நாங்கள் கிளம்பும்போது, எதற்கும் வாய் திறந்து கேட்காதவள், கதவோரம் நின்று அப்பாவிடம் கேட்டாள்:

"எல்லாரும் தெரியிற மாதிரி கண்ணாடி போட்டுட்டு வாங்கப்பா. போற வாற நேரம் ஒரு பார்வை பாத்துக்கிடுவேன்."

"சரி தாயி" என்றார் அப்பா.

கடையில் அப்பா முதலில் எடுத்தது அகலமான கறுப்புச் சட்டம், படம் முழுவதும் தெரியக்கூடியது. பெரியப்பா அதை வாங்கி ஒதுக்கி வைத்துவிட்டு, கொடியும் பூவும் செதுக்கித் தங்க முலாம் பூசிய ஒன்றைக் கையில் எடுத்தார். மாசியில் அவருடைய மகனுக்குப் பெண் கொடுக்கிறவர்கள் வீடு பார்க்க வருவதாக இருந்தது, படம் மாட்டும் அவசரமே அதற்காகத்தான். "வாரவுக எதுத்த செவத்துல என்னன்னு கேப்பாக. செத்தவனும் அறுத்தவளும் சோடியா நிக்காகன்னு சொல்லவா?" என்று அப்பாவைக் கேட்டுவிட்டு, "அந்த ஓரத்தை வெட்டிருங்க ராவுத்தரே" என்றார்.

ராவுத்தர் கத்திரியை எடுத்தவர் படத்தைப் பார்த்ததும் கீழே வைத்துவிட்டார். "பச்சப் புள்ள மொகத்துல கத்திரி வைக்க எனக்குக் கை வராது அண்ணாச்சி" என்று உள்ளே போய், நடுவில் முட்டை வடிவத்தில் துளை வெட்டிய தடித்த அட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். அதைப் படத்தின்மேல் வைத்ததும் நாலு மூலையும் மறைந்தன, மூலையோடு அக்காவும் அத்தானும் மறைந்தார்கள். "படத்துக்கு ஒரு சேதமும் இல்ல, உள்ள அப்படியே கெடக்கும்" என்றார். பெரியப்பாவுக்குத் திருப்தி. அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அறியாத அப்பா மடியை அவிழ்த்துக் காசை எண்ணி வைத்தார். அன்றைக்கு அந்தக் கடையில் எல்லோரும் நல்லவர்கள்தான், யார்மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. ஆனால் கோபம் மட்டும் போகவில்லை.

வீட்டில் ஆணி அடித்து மாட்டினார்கள். அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வலப்பக்கத்து ஓரத்தைப் பார்த்தாள். அட்டையின் விளிம்பிலிருந்து வளையல் போட்ட ஒரு கை மட்டும் நீண்டு என் தோள்மேல் கிடந்தது. "உள்ளதான் இருக்கு தாயி, எங்கயும் போயிறலை. இந்தக் கல்யாணம் முடியட்டும், பொறவு மாத்திக்கிடுவோம்" என்றார் அப்பா. அக்கா தலையை ஆட்டினாள்.

மாசியில் வந்தவர்களில் ஒரு அம்மாள் படத்துக்குக் கிட்டப் போய், "இந்தப் புள்ள தோள்ல கெடக்கது யாரு கையி?" என்று கேட்டாள். "அது படக்காரன் பண்ணுன கோளாறு" என்றாள் பெரியம்மா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். நல்ல காரியத்துக்கு வந்தவர்கள் கண்ணில் படக்கூடாது என்று அக்காவைப் பின்கட்டில் மாவாட்ட உட்கார வைத்திருந்தார்கள். ஆட்டுரல் சத்தம் செத்த நேரம் நின்றது, பிறகு மறுபடி ஓடத் தொடங்கியது.

அந்தக் கல்யாணம் முடிந்ததும் வளைகாப்பு வந்தது, பிள்ளைக்குப் பெயர் வைத்தார்கள், பிறகு என் கல்யாணம் வந்தது. எங்கள் வீட்டில் நல்ல காரியத்துக்கு என்றைக்கும் பஞ்சம் இல்லை, அதனால் அட்டையை மாற்றுவதற்கு நல்ல நாள் வரவே இல்லை. இன்னொரு பிரதி கேட்கலாமென்றால் படக்காரரும் அடுத்த ஆடியில் வரவில்லை, அதற்கடுத்த ஆடியிலும் வரவில்லை. அப்பா போனார். பெரியப்பாவும் போனார். பிள்ளைகுட்டியோடு ஊருக்குப் போயிருந்த ஒரு கோடையில் நான் அக்காவிடம், "இனி யாருக்குப் பயப்படணும், பிரிச்சிருவோமாக்கா?" என்று கேட்டேன். அக்கா சிரித்தாள்.

"வேண்டாம்ட்டி. அவிய அதுல இளந்தாரியா நிக்காக, எனக்குத் தலை நரைச்சுப் போச்சு. பாக்க எம் புள்ள மாதிரியில்ல இருப்பாக? எந்த மொகத்த வச்சுக்கிட்டு நான் போய்ப் பாக்க?"

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அக்கா இறந்தபோது விளக்கேற்றி வைக்க அவளுக்கென்று ஒரு படம் இல்லை. நானே ஆணியிலிருந்து இறக்கி, பின்பக்கத்துப் பலகையைப் பெயர்த்தேன். எத்தனையோ மழைக்காலத்து ஈரம் இறங்கி அட்டையும் படமும் ஒன்றோடொன்று பசையாகப் பிடித்துப் போயிருந்தன. நகத்தால் மெல்லத் தூக்கியும் பார்த்தேன், தண்ணீர் தடவியும் பார்த்தேன். அட்டை கழன்று வந்தபோது இரண்டு முகமும் பொருக்காக அதோடு வந்துவிட்டன, படத்தில் நின்றது வெறும் வெள்ளைத் தாள்.

பெரியப்பா கட்டிய வீடு கைமாறி இடிபட்டு, அங்கே இப்போது பஞ்சு மூட்டை அடுக்குகிற கிட்டங்கி நிற்கிறது. என் பேத்தி போன வாரம் கடையிலிருந்து நாலைந்து சட்டங்கள் வாங்கி வந்து, எந்தப் படத்துக்கு எந்த நிறம் பொருந்தும் என்று நாள் முழுக்க வைத்து வைத்துப் பார்த்தாள். யாரையும் விடாமல் மாட்டவேண்டும் என்று அவளுக்கு எண்ணம். "கோமதி ஆச்சி சின்ன வயசுல எப்படி இருப்பாக?" என்று கேட்டாள். பூவைச் சொன்னேன், வளையலைச் சொன்னேன், மூக்குத்தியைச் சொன்னேன். முகத்தைச் சொல்லப்போனபோது, கடைசியில் நான் குளிப்பாட்டிவிட்ட நரைத்த கிழவிதான் வந்தாள். அந்தப் பதினைந்து வயதுப் பெண்ணை நேரில் பார்த்தவர்களில் உயிரோடு மிச்சம் இருப்பது நான் ஒருத்திதான், எனக்கும் மறந்துவிட்டது.