கண் பரிசோதனைக்குப் போன முயல்கள்

வலங்கைமான் சுற்றுவட்டாரத்தில் முயல் வளர்த்துக் காட்டியவன் நான் ஒருவன்தான். வேண்டுமானால் விசாரித்துப் பார்த்துக்கொள்ளலாம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். நாற்றுக்கட்டு தூக்கினேன், நெல் மூட்டை தூக்கினேன், குத்தகைக்கு நிலம் பிடித்தேன், பிறகு அந்த நிலத்தையே கிரயம் வாங்கினேன். எவனும் என்னைக் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. ஊரே ஆடு, கோழி என்று ஒரே தடத்தில் போய்க்கொண்டிருந்தபோது, களத்துமேட்டில் தகரக் கொட்டகை போட்டு வெள்ளை முயல் விட்டேன். "வெயிலு தாங்காது மாமா, சுருண்டுடும்" என்றார்கள். சுருளவில்லை. தகரத்தின் மேல் கீற்று வேய்ந்து, சுற்றிலும் ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, சித்திரை மாதத்திலும் குட்டி போட வைத்தேன்.

மூளை என்னுடையது, கை என் மனைவியுடையது. அகத்திக் கீரை அறுப்பது, வேலிமசால் தழை உலர்த்துவது, குட்டி ஈனும் பெட்டியில் வைக்கோல் மெத்தை போடுவது எல்லாம் அவள்தான். அவள் கைபட்ட முயல் நகத்தை நீட்டாது. நான் தொட்டால் பிறாண்டும்.

அவளுக்கு வலது கண்ணில் பூ விழுந்திருக்கிறது. பண்ணை தொடங்குவதற்கு முந்தைய குறுவையில், களைக்கொல்லியைத் தெளிப்பான் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது தெறித்துவிட்டது. வாய்க்கால் தண்ணீரை அள்ளி அடித்தோம். நடவுக்கு வந்த பெண்ணொருத்தி தாய்ப்பால் பீய்ச்சினாள். நந்தியாவட்டைப் பூவைக் கசக்கிப் பிழிந்து விட்டார்கள். தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது கருவிழி மேல் வெள்ளை படர்ந்துவிட்டது. இறந்தவர் கண்ணை எடுத்து வைக்கலாம் என்றார் டாக்டர். இவள் ஒரே பிடியாக நின்றாள். "செத்தவங்க கண்ணால நான் எதப் பாக்கப் போறேன்? சொட்டு மருந்து வந்தா சொல்லுங்க, போட்டுக்கறேன்." அதோடு எழுந்து வந்துவிட்டாள்.

இந்த நிலையில்தான் ஒரு தரகர் பண்ணையைத் தேடி வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, கூண்டு கூண்டாகக் குனிந்து முயல்களின் முகத்தையே பார்த்தார். கறிக்கு வாங்குகிறவன் முதுகைத் தடவுவான், தொடையைப் பிடிப்பான். இவர் இமையை விரித்துப் பார்த்தார்.

"எங்க போகுது சார்?" என்றேன்.

"பெரிய லேப் அண்ணே. கண் பரிசோதனைக்கு."

எங்கள் பக்கத்தில் இந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான். பள்ளிக்கூட வாசலில், கல்யாண மண்டபத்தில், மாதா கோயில் வளாகத்தில் துணி கட்டியிருப்பார்கள்: இலவச கண் பரிசோதனை முகாம். போனால் கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார்கள், கண்புரை இருந்தால் வேனில் ஏற்றிக்கொண்டு போவார்கள், பச்சைத் துணி கட்டித் திருப்பி அனுப்புவார்கள். கண் பரிசோதனை என்றால் கண்ணைக் காப்பாற்றுவது. வேறு எப்படி நினைக்க முடியும்? படித்தவனே அப்படித்தான் நினைப்பான்.

ஆக, என் முயலை வைத்துக் கண்ணுக்கு மருந்து கண்டுபிடிக்கிறார்கள். அன்றைக்கே அவளிடம் சொன்னேன்: "நம்ம கொட்டாயிலேர்ந்துதான் உன் கண்ணுக்கு மருந்து வரப்போவுது பாரு." அதன் பிறகு அவள் முயல் வளர்த்த விதமே வேறு. கூண்டுக்கு அடியில் மூத்திர வாடை நின்றால் முயல் கண்ணுக்கு ஆகாது என்று, விடியுமுன்பே சாணிக்குழிக்குக் கூடை சுமந்தாள். லேபுக்கு ஏற்றும் நாளில் ஒவ்வொன்றின் நெற்றியையும் தடவி அனுப்புவாள். நல்ல கண்ணால் ஒரு தடவை பார்ப்பாள், மற்றதை மூடிக்கொள்வாள். மருந்து வரும் என்று நம்பினாள். நானும் நம்பினேன்.

கடைத்தெருவில் நான் வாய் மூடியிருப்பேனா? சொன்னேன். டீக்கடையில் கிண்டலுக்கும் குறைவில்லை.

"என்ன மாமா, மொயலுக்குக் கண்ணாடி போட்டாச்சா?"

"எங்க சின்னம்மாவுக்குக் கண்புரை. உங்க மொயல்கிட்ட ஒரு சீட்டு வாங்கிக் குடுங்களேன்."

"சிரிங்கடா. மருந்து வந்ததும் என் வீட்டு வாசல்லதான் வரிசையில நிப்பீங்க" என்பேன்.

ஒரு பொங்கல் கழிந்து, இவள் கேட்டாள்: "எவ்வளவு நாளாச்சு, மருந்து எந்த மட்டுல இருக்குன்னு ஒரு தடவ போயிக் கேட்டா என்னங்க?" நியாயம்தானே. அடுத்த முறை முயல் ஏற்றிய வண்டியிலேயே இருவரும் போனோம். அவள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டாள்.

அங்கே விலங்குகளைக் கவனிக்கும் டாக்டர் இளவயதுக்காரர். சொந்த ஊர் முத்துப்பேட்டைப் பக்கம் என்றதும் எனக்கு உயிர் வந்தது. அவரும் நம் பேச்சைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "ஐயா, அம்மா, உக்காருங்க" என்று காப்பி வரவழைத்தார். உள்ளே விட அனுமதி இல்லை, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம் என்று கூட்டிப்போனார். நம் வீட்டுச் சமையற்கட்டு அப்படியிருக்காது. அவ்வளவு சுத்தம். கூண்டுக்குக் கூண்டு அட்டை மாட்டியிருந்தது.

"மருந்து எந்த மட்டுல இருக்கு தம்பி?" என்றேன்.

"எந்த மருந்துங்கய்யா?"

"கண்ணு மருந்துதான்."

அவருக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. புரிந்ததும் குரல் இறங்கிவிட்டது. மழுப்பாமல் சொன்னார், அந்த மட்டில் யோக்கியன். "இது கண்ணுக்கு மருந்து கண்டுபிடிக்கறதில்லைங்கய்யா. கம்பெனிக்காரங்க பூச்சிமருந்து, களைக்கொல்லின்னு புதுசா ஒண்ணு கொண்டாருவாங்க. அது கண்ணுல பட்டா எவ்வளவு கெடுதின்னு பாக்கறது. முயலோட ஒரு கண்ணுல விடுவோம். இன்னொரு கண்ணச் சும்மா விட்டுடுவோம்."

"ஏன் இன்னொண்ண விட்டுடறீங்க?" இவள்தான் கேட்டாள்.

"ஒப்பிட்டுப் பாக்கணும்லம்மா. நல்ல கண்ணு எப்படி இருக்குன்னு தெரிஞ்சாத்தானே கெட்டது தெரியும்."

இவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அப்புறம், நான் இன்றுவரை மறக்காத ஒன்றைக் கேட்டாள். "விட்ட பெறகு நந்தியாவட்டை பிழிஞ்சு விடுவீங்களா?"

"இல்லம்மா. வலிக்கு ஊசி போடுவோம். ஆனா கண்ண ஆத்தறதுக்குன்னு எதையும் விடக்கூடாது. விட்டா ரிசல்ட் தப்பாப் போயிடும். தெனம் பாத்து, செவப்புக்கு, வீக்கத்துக்கு, வெள்ளைக்குன்னு மார்க் போடுவோம். முதல்ல ஒரே ஒரு முயலுக்குத்தான் விடுவோம். அதுக்கே மோசமாப் போனா அதோட நிறுத்திடுவோம்."

மார்க். மூன்றாம் வகுப்பில் எனக்கு ஒற்றை இலக்கத்தில் மார்க் போட்டார்கள், வெளியே வந்தேன். இங்கே எவ்வளவு சிவக்கிறதோ அவ்வளவு மார்க்.

ஓரத்துக் கூண்டில் ஒரு முயல் இந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பியது. இவள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துப் பார்த்துவிட்டு, "பூ விழுந்திருக்குங்க" என்றாள். டாக்டர் அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் சொன்னார். அந்தப் பேர் எங்களுக்கு எதற்கு?

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "களைக்கொல்லி கண்ணுல பட்டா கண்ணு போயிடும்னு தெரிஞ்சுக்க இத்தன முயலா? இவளக் கேட்டா ஒரே பேச்சுல சொல்லியிருப்பாளே!"

"ஐயா, இதப் பாத்துத்தான் டப்பாவுல எச்சரிக்கை போடறாங்க. இல்லன்னா இன்னும் எத்தனையோ பேருக்கு அம்மா மாதிரி ஆயிடும்."

எங்கள் டப்பாவிலும்தான் போட்டிருந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில், மடித்து மடித்து ஒட்டிய தாளில். அந்தத் தாளைப் பிரித்துப் படித்துவிட்டு வயலில் இறங்கியவன் டெல்டாவில் எவனாவது இருந்தால் என்னிடம் கூட்டி வாருங்கள். அந்தத் தாளுக்காகத்தான் இந்தக் கண்கள். தம்பியிடம் இதைச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார். "நான் முடிவு பண்றதில்லைங்கய்யா." எங்கே போனாலும் இந்தப் பதில்தான். முடிவு பண்ணுகிறவனை நான் இந்த வயது வரைக்கும் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவள் பட்டுப்புடவையை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டுச் சொன்னாள்: "இனி அவங்களுக்கு ஒண்ணும் போவாது."

"கொட்டா போட்டது யாரு? லேபுக்குக் குடுக்க லைசென்சு கேட்டு நாயா அலைஞ்சது யாரு? நீ பாட்டுக்குச் சொல்லிட்டா ஆச்சா?"

"போட்டது நீங்கதான். யாரு இல்லேன்னா? நாளையிலேர்ந்து நீங்களே கீரை அறுத்துப் போடுங்க."

"நாம குடுக்கலேன்னா இன்னொருத்தன் குடுப்பான்டி. அதுங்க கண்ணு தப்பிச்சுடுமா?"

"குடுக்கட்டும். அவன் பொண்டாட்டிக்கு ரெண்டு கண்ணும் நல்லாருக்கும்."

"வேற என்ன பண்ணச் சொல்ற? வாய்க்கால்ல விட்டுடவா?"

"கறிக்குப் போடுங்க."

நான் அதிர்ந்துபோனேன். குட்டியிலிருந்து மடியில் வைத்து வளர்த்தவள் பேசுகிற பேச்சா இது?

"வெட்டறவன் ஒரே வெட்டா வெட்டுவான். தின்னுட்டுப் போவான். ஒத்தக் கண்ணு எப்படியிருக்குன்னு உக்காந்து பாத்துக்கிட்டு இருக்க மாட்டான்." அவ்வளவுதான். அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டாள்.

நானாக இருந்தால் லேபுக்கு அனுப்புவதை விட்டிருக்க மாட்டேன். இதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. கையால் எழுப்பிய தொழில், சுற்றுவட்டாரத்தில் எவனுக்கும் இல்லாத பேர். நான்கு நாள் நானே கீரை அறுத்துப் போட்டுப் பார்த்தேன். தாய் முயல்கள் பெட்டிக்குள் கை விடவிடவில்லை. குட்டிகள் குளிரில் விறைத்துக் கிடந்தன. அவள் கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

கும்பகோணம் சாலையில் பிரியாணிக் கடை வைத்திருப்பவனுக்கு ஆள் அனுப்பினேன். தராசும் கூடைகளுமாக வந்தான்.

"லேப் சரக்குன்னாங்களேண்ணே, ஊசி கீசி போட்டதா?"

"ஒண்ணும் போடல. சுத்தமான சரக்கு."

"பின்னே ஏன் அவங்களுக்குக் குடுக்கல?"

அதற்குள் இவள் கொட்டகைக்குள் நுழைந்தாள். ஒவ்வொன்றாகக் கழுத்துத் தோலைப் பிடித்து, அடியில் கை கொடுத்துத் தூக்கி, கூடைக்குள் விட்டாள். எதன் முகத்தையும் பார்க்கவில்லை. முயல்களும் அவள் கையில் சத்தமில்லாமல் போயின.

"தலை எங்களுக்கு ஒதவாதுக்கா, கழிச்சுத்தான் வெல போடுவேன்" என்றான் கடைக்காரன்.

"கழிச்சுக்க" என்றாள்.

நான் மூடியை அழுத்திக் கட்டினேன். கூடைக்குள்ளிருந்து ஒன்றும் என்னைப் பிறாண்டவில்லை.