தங்கமணி அக்காவின் கன்னத்துத் தையல்

"அந்தக் கட்டி ஆறே வாரத்தில் வளர்ந்தது" என்று அன்று அறுவை சிகிச்சை மருத்துவரிடம் நான் சொல்லவில்லை. தங்கமணி அக்கா மாரடைப்பில் போய்விட்டார் என்று சென்ற வியாழக்கிழமை பனியன் கம்பெனியிலிருந்து தொலைபேசி வந்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்த மௌனம்தான்.

இன்று இங்கே கூடியிருக்கும், செக்கிங் மேசையில் அவரோடு நின்ற உங்களுக்குத் தெரியும், பிசிறு நூலோடு ஒரு பனியனும் அவர் கையைத் தாண்டாது. அவருடைய இடது கண்ணுக்குக் கீழே கடுகளவில் தோன்றிய கட்டி, நிலக்கடலை அளவாகி நடுவில் கொம்புபோல் கெட்டித்தது. மருத்துவமனைக்குக் கிளம்பும்முன் நூல் வெட்டும் டிரிம்மரால் அந்தக் கொம்பைச் சீவிவிட்டார். "பிசிறோட போய் நின்னா டாக்டர் என்ன நெனைப்பாரு?"

எத்தனை நாளாக இருக்கிறது என்று மருத்துவர் கேட்டார்.

"ரெண்டு வருசமா இப்படியேதானுங்க."

வேகமாக வளர்ந்தது என்றால் புற்றுநோய் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயம் அக்காவுக்கு. துணைக்குப் போயிருந்த என்னை மருத்துவர் பார்த்தார். மேசைக்கடியில் அக்கா என் தொடையைக் கிள்ளினார். பழைய மருதான் என்று அவர் எழுதிக்கொடுத்த களிம்போடு திரும்பினோம்.

பத்தே நாளில் கட்டி இரண்டு மடங்காகிக் கீழிமையைத் தொட்டது.

"அன்னிக்கே நீ சொல்லியிருக்கலாமில்ல கண்ணு?"

"கிள்ளினது யாருக்கா?"

அன்றே பஸ் ஏறினோம். டிரிம்மர் உட்பட எல்லாவற்றையும் அவரே ஒப்பித்தார். இன்னும் விட்டால் இமையையும் எடுக்க வேண்டிவரும் என்றார் மருத்துவர். செக்கிங் வேலைக்குக் கண்தானே எல்லாம்.

கட்டியோடு சுற்றியுள்ள நல்ல தோலிலும் கொஞ்சம் எடுத்து, கன்னத்துத் தோலை நகர்த்தி மூடப்போவதாகச் சொல்லி, மருத்துவர் பேனாவால் அவர் முகத்திலேயே ஒரு வளைவு வரைந்தார். அக்கா கண்ணாடி கேட்டு வாங்கினார். பார்க்கப் பார்க்க நிமிர்ந்து உட்கார்ந்தார்; நம் செக்கிங் மேசையில் புது டிசைன் வந்திறங்கும்போது இருக்கும் அதே பரபரப்பு.

"ஏனுங்க டாக்டர், இழுத்துத் தெச்சா தையல் சுருங்குமுங்களே. இமை கீழ எறங்கீராதுங்களா?"

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "நல்ல கேள்விம்மா. இழுக்கிறதில்லை. அடியில தோலைப் பிரிச்சு விட்டா, தானா நகர்ந்து வரும்."

"அப்பச் செரிங்க. போடுங்க."

தையல் பிரித்த மறுநாள் வேலைக்கு வந்துவிட்டார். நம் எல்லோரையும் விளக்கடியில் கூட்டி முகத்தைக் காட்டினார். மூக்கோரம் கொஞ்சம் கோணலாக இருந்த தழும்பைத் தொட்டு, குறையுள்ள பனியனைத் திருத்தத் திருப்பி அனுப்பும் குரலில், "இந்த ஒண்ணு மட்டும் ஆல்டரேசன்" என்றார். மேசையே சிரித்தது.

தன் முகத்தை அறுக்கப்போகிறார்கள் என்ற வேளையிலும் எப்படித் தைப்பார்கள் என்று கேட்கத் தோன்றிய அந்த ஆர்வத்தை அவர் நினைவாக நான் வைத்துக்கொள்கிறேன்.

பரிசோதனையில் அந்தக் கட்டி புற்றுநோய்தான் என்றும், முழுதாக எடுத்தாயிற்று என்றும் வந்தது. அதன்பின் அக்கா ஆறு ஆண்டுகள் செக்கிங் மேசையில் நின்றார். கட்டி திரும்பி வரவில்லை.