கம்பி பூட்டாமல் கிளம்பிய ரைடு

ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பிரஸ் மெஷின் ஓட்டுகிறேன். தடுப்புக் கதவு சரியாக மூடாவிட்டால் அந்த மெஷின் ஓடவே ஓடாது. அந்த நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்தது.

போன வருடம் மகளோடு ஒரு தீம் பார்க்குக்குப் போனேன். ஊரிலேயே உயரமான ரைடு என்று பலகை வைத்திருந்தார்கள். ஏறி உட்கார்ந்ததும், “யம்மா, மடி மேல போட்ட கம்பி ஆடிகினே கீது” என்றாள்.

“லாக் ஆவலன்னா மெஷினே கிளம்பாதுடி, சும்மா குந்து” என்றேன்.

கிளம்பிவிட்டது. உச்சியில் அவள் கம்பி மேலே எழும்பியது. இரண்டு கையாலும் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, “நிறுத்துடா!” என்று கத்தினேன். அங்கே எல்லாரும்தான் கத்துகிறார்கள். ரைடை ஓட்டியவன் சிரித்தபடி கை காட்டினான்.

இறங்கியதும் அவன் சட்டையைப் பிடித்தேன். “கம்பிய இழுத்துப் பாத்தியாடா?”

“கூட்டம்க்கா. நீ கத்தறதப் பாத்து ஜாலின்னு நென்ச்சேன்.”

உயரமும் வேகமும் யாருக்கு வேண்டும்? கிளம்பும் முன் ஒவ்வொரு கம்பியையும் ஆள் வந்து கையால் இழுத்துப் பார்க்கிற ரைடுதான் முதல் தரம். இப்போதெல்லாம் ஒரு சுற்று கீழேயே நின்று கவனிக்கிறேன். இழுத்துப் பார்க்கவில்லை என்றால் ஏறுவதில்லை, மகள் அழுதாலும் சரி.